காக்கிக்குத் தனி டிராஃபிக் சட்டம் உண்டா?

ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் சலான் வாங்கியவர்கள் எங்களைப் போன்ற வக்கீல்களிடம் வரும்போது வெறும் சலானோடு வருவதில்லை. போனில் ஒரு போட்டோவும் இருக்கும். வெறும் தலையோடு புல்லட்டில் போகும் ஏட்டு, நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழேயே நிற்கும் போலீஸ் ஜீப், ஒன்வேயில் எதிரே வரும் ரோந்து வண்டி, இப்படி ஏதோ ஒன்று. "இதைக் காட்டி என் கேஸை உடைக்க முடியாதா சார்?"

முடியாது. அடுத்தவர் செய்த தப்பைக் காட்டி நம் தப்பிலிருந்து தப்பிக்க அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு உதவாது. சமத்துவம் என்பது சட்டப்படியான உரிமையில்தான், மீறலில் பங்கு கேட்பதற்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. ஆனால் அந்த போட்டோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு வேறு உபயோகம் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன. ஹெல்மெட் பற்றிய 129-ஆவது பிரிவில் தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு. வேக வரம்பு பற்றிய 112-ஆவது பிரிவில் ராணுவப் பயிற்சியில் ஓடும் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு விலக்கு. இந்த இரண்டு இடத்திலும் போலீசாரின் பெயர் இல்லை. யூனிஃபார்ம் போட்டிருந்தால் ஹெல்மெட் வேண்டாம், சீட் பெல்ட் வேண்டாம், வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசலாம் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

இருப்பது அவசரத்துக்கான சலுகை. 2017-இல் வந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, அவசரப் பணியில் போகும் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி ஆகியவற்றுக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். சிவப்பு சிக்னலையும் வேக வரம்பையும் அவை மீறலாம். ஆனால் சைரன் ஒலிக்க வேண்டும், பல வண்ண விளக்கு எரிய வேண்டும், அப்போதும் ஓட்டுநர் தக்க கவனத்தோடு ஓட்ட வேண்டும். அவசரம் இல்லாதபோது சைரனையும் விளக்கையும் போடவே கூடாது. முன்னுரிமை வரிசையில் தீயணைப்பு முதலில், ஆம்புலன்ஸ் அடுத்து, போலீஸ் அதற்கும் பிறகுதான். ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்றால், அது ஆம்புலன்சை மறித்து நிற்கும் ஜீப்புக்கும் சேர்த்துத்தான்.

ஆக, சலுகை ஆளுக்கு இல்லை, அந்தப் பயணத்துக்கு. செயின் பறித்தவனைத் துரத்தும் வண்டி சிக்னலைத் தாண்டலாம். அதே வண்டி பத்து நிமிடம் கழித்து டீக்கடைக்குப் போகும்போது நம்மைப் போலவே கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இந்த வித்தியாசம் கோர்ட்டில் எப்படித் தெரியவரும் என்பதற்கு ஒரு வழக்கு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பிய பால்காரரைக் குறுக்கே வந்த போலீஸ் வண்டி இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. அவசர அழைப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம், சைரன் போட்டிருந்தோம், அவர்தான் கவனிக்காமல் வந்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு சொன்னது. நாங்கள் வண்டியின் லாக் புக்கைக் கோர்ட்டுக்கு வரவழைக்கக் கேட்டோம். புறப்பட்ட நேரம், கிலோமீட்டர், ஓட்டுநர் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. பயண நோக்கம் என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், "தபால் கொடுக்க" என்று இருந்தது. குறுக்கு விசாரணையில் ஓட்டுநரிடம் அதை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதற்குப் பிறகு சைரன் ஒலித்ததா இல்லையா என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

லாக் புக், ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு வந்த நேரம், இந்த மூன்றும் ஒத்துப்போனால் அவசரம் உண்மை. ஒத்துப்போகாவிட்டால் அது சாதாரண வண்டி, அவ்வளவுதான்.

அப்புறம், பலருக்குத் தெரியாத பிரிவு ஒன்று இருக்கிறது: 210-பி. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே இதை மீறினால் தண்டனை இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் ஹெல்மெட்டுக்கு நமக்கு ஆயிரம் என்றால் அவர்களுக்கு இரண்டாயிரம். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கு நமக்குப் பத்தாயிரம், அவர்களுக்கு இருபதாயிரம். திருத்தம் வந்த கையோடு டெல்லி போக்குவரத்துப் போலீஸ் தன் ஆட்களுக்கே இதை நினைவூட்டி உத்தரவு போட்டது. அதாவது எல்லோருக்கும் ஒரே சட்டமா என்ற கேள்வியை நாடாளுமன்றம் எப்போதோ தாண்டிவிட்டது. போலீசாருக்குக் கூடுதல் பொறுப்பு என்பதுதான் இன்றைய சட்டம். என்னைக் கேட்டால் அது சரியும்கூட.

ஆனால் இரட்டை அபராதம் எழுதிய சலான் ஒன்றுகூட என் கைக்கு இதுவரை வந்ததில்லை. காரணம் புரியாத மர்மம் ஒன்றுமில்லை. சலான் மெஷின் இருப்பது சக போலீஸ்காரர் கையில். மேலதிகாரியை நிறுத்தி பைன் போடும் ஏட்டை நாம் எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அதோடு பிரிவின் வாசகத்திலும் இடைவெளி இருக்கிறது. லீவு நாளில் சொந்த பைக்கில் போகும் காவலரும் அந்த "அதிகாரம் பெற்றவர்" என்ற சொல்லுக்குள் வருவாரா என்று வாதாட இடமுண்டு. வருவார் என்பது என் கருத்து.

யார் கையில் மெஷின் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2024 மே மாதம் தமிழ்நாடே பார்த்தது. நாங்குநேரியில் அரசு பஸ்ஸில் ஏறிய காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார், கண்டக்டர் விடவில்லை, வீடியோ பரவியது. பணி நிமித்தப் பயணத்துக்கான வாரண்ட் இருந்தால்தான் இலவசம் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் கொடுத்தது. அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் அரசு பஸ்களுக்கு வரிசையாக அபராதம்: நோ பார்க்கிங், டிரைவருக்கு சீட் பெல்ட் இல்லை. கடைசியில் உள்துறை, போக்குவரத்துத் துறைச் செயலாளர்கள் பேசினார்கள், காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பஸ்கள் அங்கே நிற்பது அந்த வாரம் தொடங்கிய பழக்கமா என்ன? அதே விதிதான். கோபம் வந்த வாரத்தில் மட்டும் விழித்துக்கொண்டது.

போலீசார் மேல் எப்போதும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. ஜீப் நம்பரை ஆப்பில் போட்டுப் பார்த்து "இன்சூரன்சே இல்லை" என்று வீடியோ போடுகிறார்கள். வணிக நோக்கம் இல்லாத அரசு வண்டிகளுக்கு 146-ஆவது பிரிவே மூன்றாம் நபர் இன்சூரன்சிலிருந்து விலக்கு தருகிறது. அது குற்றமில்லை. காவலரின் சொந்த பைக்குக்கு அந்த விலக்கு கிடையாது. அந்த பைக்கில் "போலீஸ்" ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் 2024 மே 2 முதல் சென்னையில் தடை.

சரி, அந்த போட்டோவை என்ன செய்வது? நம்பர் பிளேட், இடம், நேரம் தெரிகிற மாதிரி இருந்தால் உங்கள் ஊர் போக்குவரத்துப் போலீசின் அதிகாரப்பூர்வ சமூக வலைதளப் பக்கத்துக்கோ, எழுத்து மூலமாக எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். 210-பி என்று பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். சில மாதம் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அந்தப் புகாரின் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். சோதனையில் நிறுத்தப்பட்ட இடத்தில் மட்டும் இந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள். சலான் தொகை குறையாது, பணியைத் தடுத்ததாகப் புது வழக்கு சேரும்.

போலீஸ் வண்டி மோதி அடிபட்டால் விஷயம் வேறு. அரசு வண்டி, நஷ்டஈடு கிடைக்காது என்று பலர் வாய் மூடிக்கொள்கிறார்கள். 1952-இல் உதய்ப்பூரில், ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய கலெக்டர் ஜீப் மோதி ஒருவர் இறந்துபோனார். வித்யாவதி வழக்கு என்று நாங்கள் சொல்லும் அந்த வழக்கில், அரசே நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் மாநில அரசே நேரடியாகக் கட்டும். விசாரிப்பது அதே துறை என்பதால் சாட்சியத்தை நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கடை சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், அன்றே கேட்டு வாங்குங்கள். சைரன் ஒலித்ததா, விளக்கு எரிந்ததா என்று பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் குறித்துக்கொள்ளுங்கள். நஷ்டஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரம்பை எதிர்த்து வழக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.