டிவிடெண்ட்: ஈவுத்தொகையா, பங்காதாயமா?

புதிதாகப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கியவர்கள் முதல் வருடக் கணக்கை முடிக்கும்போது ஆடிட்டரிடம் ஒன்று கேட்பார்கள்: "கம்பெனி நம்முடையதுதானே, எடுத்த பணத்தை டிவிடெண்ட் என்று எழுதிவிடலாமா?" டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். எடுத்ததையெல்லாம் அப்படி எழுத முடியாது. காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

லத்தீனில் 'டிவிடெண்டம்' என்றால் பிரிக்கப்பட வேண்டியது. ஆங்கிலக் கணக்குப் பாடத்திலும் இதே சொல் உண்டு. நம் பள்ளிப் புத்தகத்தில் அது வகுபடும் எண். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 12 டிவிடெண்ட், கிடைக்கும் 4 ஈவு. பிரிக்கப்போகிற மொத்தத்தின் பெயரையே பங்குதாரர் கைக்கு வரும் தொகைக்கும் ஆங்கிலம் வைத்துக்கொண்டது. தமிழ் அந்த 4-ஐப் பார்த்து ஈவுத்தொகை என்றது. 'ஈ' என்றால் கொடு. ஈகையும் ஈதலும் அதே வேர்.

வணிகவியல் பாடநூல்களில் பங்காதாயம் என்று இருக்கும். இலங்கையில் பங்கிலாபம் என்கிறார்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் பங்காதாயம் என்றால் பங்கை விற்றுக் கிடைத்த லாபமோ என்று புதியவர் குழம்புவார். அதற்கு வரி வேறு. எனக்கு ஈவுத்தொகைதான் பிடிக்கும். ஈவு என்றால் கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர் வேண்டும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு நபர், நீங்கள் வேறொரு நபர். லாபத்தில் தேய்மானம் கழித்து, இயக்குநர் குழு பரிந்துரைத்து, பங்குதாரர்களின் பொதுக்குழு அறிவித்த பிறகுதான் அது ஈவுத்தொகை. அறிவித்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

வரிக்கு வருவோம். 2020 மார்ச் வரை ஈவுத்தொகைக்கான விநியோக வரியைக் கம்பெனியே கட்டியது. 2020 ஏப்ரல் முதல் வாங்குகிறவர் தன் வருமானத்தோடு சேர்த்து, தன் வரி விகிதப்படி கட்ட வேண்டும். கம்பெனி தன் லாபத்துக்கு 22 சதவீத வருமான வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், கூடுதல் வரியும் (சர்சார்ஜ்) வரி மேல் விதிக்கும் செஸ்ஸும் சேர்த்து 1 லட்சம் லாபத்தில் சுமார் 25,170 ரூபாய் முதலிலேயே போய்விடும். மிச்சத்தைப் பங்கிட்டால் உங்கள் கையில் இன்னொரு முறை வரி. ஒரு பங்குதாரருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வரி, பிடிக்க வேண்டும். இயக்குநர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வருமான வரி தாக்கல் செய்ய சகஜ், சுகம் என்ற எளிய படிவங்கள் அவர்களுக்குக் கிடையாது.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது வேறோர் இடத்தில். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் கணவன் மனைவி இருவர்தான் பங்குதாரர்கள். கணவருக்கு 60 சதவீதம், மனைவிக்கு 40. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் கம்பெனிக் கணக்கிலிருந்து 3 லட்சம் எடுத்தார். பேரேட்டில் 'இயக்குநருக்குக் கடன்' என்று ஒரே வரி. அப்போது கம்பெனியில் சேர்ந்திருந்த லாபம் 2,10,000 ரூபாய். 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிச் சிலர் கையில் மட்டும் பங்குகள் உள்ள கம்பெனி கடன் கொடுத்தால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அந்தக் கடனையே ஈவுத்தொகையாக வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆக அந்த 2,10,000 ரூபாயும் அவருடைய வருமானம்.

"மூணு மாசத்துல திருப்பிக் கட்டிட்டேனே" என்றார். பாவமாக இருந்தது. ஆனால் அதே ஆண்டில் திருப்பிக் கட்டினாலும் வரி போகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. இதைத் தமிழில் 'கருதப்படும் ஈவு' எனலாம்: யாரும் ஈயவில்லை, ஆனாலும் ஈந்ததாகச் சட்டம் கருதுகிறது. இப்போது அவர் மாதச் சம்பளம் எடுத்துக்கொள்கிறார். அது கம்பெனிக்குச் செலவாகக் கழியும். அவர் கையில் மட்டும் ஒரு முறை வரி.