உங்கள் மின்னஞ்சலின் சாவி யாரிடம் இருக்கிறது?

பாதுகாப்பான மின்னஞ்சல் தருவதாகச் சொல்லும் எந்த நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்தாலும் ‘ராணுவத் தரம்’, ‘ஏஇஎஸ்-256’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இதில் மயங்க ஒன்றுமில்லை. ஏஇஎஸ் என்பது 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்று, உலகமே இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரு குறியாக்க முறை, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி எழுத்தைக் குலைத்துவைக்கும் முறை. வீட்டு வைஃபையில்கூட அதுதான் ஓடுகிறது. ஆக, பூட்டு எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒன்றே. சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் ஒரு சேவை இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். அப்போது இணையத்தில் இருந்ததே பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. அதனால் கடிதம் அப்படியே திறந்த எழுத்தாகப் போனது. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைப் பூட்டும் ஏற்பாடு 1999-இல்தான் மேலே ஒட்டவைக்கப்பட்டது. இன்று பெரும்பாலான அஞ்சல்கள் அப்படிப் பூட்டிய குழாய் வழியாகவே போகின்றன. ஆனால் பூட்டு குழாய்க்குத்தான், கடிதத்துக்கு அல்ல. இரண்டு முனையிலும் உள்ள சர்வருக்குள் கடிதம் மறுபடி திறந்த எழுத்தாகிவிடுகிறது. நிறுவனம் அதைத் தன் வட்டில் குறியாக்கம் செய்து வைத்தாலும் சாவி அதனிடமே இருக்கிறது. வேண்டும்போது படிக்கலாம். விளம்பரம் காட்டுவதற்காக அஞ்சல்களை அலசுவதை நிறுத்துவதாக கூகுள் 2017-இல் அறிவித்தது. நிறுத்த முடிகிறது என்றால் அதுவரை படிக்க முடிந்தது என்றுதானே பொருள்?

இதற்கு மாற்று வழி கணிதத்தில் எப்போதோ கிடைத்துவிட்டது. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு புதிய யோசனையை வெளியிட்டார்கள்: பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு திறக்கும் சாவியைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். இதை வைத்து 1991-இல் பில் ஜிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். ஆயுதத்தை ஏற்றுமதி செய்தார் என்கிற ரீதியில் அமெரிக்க அரசு அவர் மீது மூன்று வருடம் விசாரணை நடத்திவிட்டு, 1996-இல் வழக்குப் போடாமலே விட்டுவிட்டது. அவ்வளவு பயந்திருக்கத் தேவையில்லை. சாவியை உருவாக்கி, பரிமாறி, பத்திரப்படுத்தும் சிரமம் தாங்காமல் சாதாரண மக்கள் பிஜிபி பக்கமே வரவில்லை.

அந்தச் சிரமத்தைத் திரைக்குப் பின்னால் தள்ளியதுதான் புரோட்டான் மெயில், டூட்டா போன்ற சேவைகளின் சாதனை. செர்ன் என்ற ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது புரோட்டான். டூட்டா ஜெர்மனியைச் சேர்ந்தது; 2023 வரை டூட்டானோட்டா என்று பெயர். இவற்றில் கணக்குத் தொடங்கும்போது சாவி இணை உங்கள் கருவியிலேயே பிறக்கிறது. திறக்கும் சாவியை உங்கள் கடவுச்சொல்லிலிருந்து பிழிந்தெடுத்த இன்னொரு சாவியால் பூட்டி, அந்தப் பூட்டிய வடிவத்தை மட்டுமே சர்வருக்கு அனுப்புகிறார்கள். கடவுச்சொல் அப்படியே சர்வருக்குப் போவதே இல்லை. நிறுவனத்தின் கையில் இருப்பதெல்லாம் பூட்டிய கடிதங்களும் பூட்டிய சாவியும்தான்.

ஒரு சேவை சொல்வது உண்மையா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வெற்றுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி நாலு அஞ்சல் அனுப்பிவைத்துவிட்டு, ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்துங்கள். மீட்புக் குறியீடு எதுவும் கேட்காமல் புதிய கடவுச்சொல் தந்து, பழைய அஞ்சல்களையும் படிக்கக் கொடுத்தால், சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. புரோட்டானில் மீட்புச் சொற்றொடரோ மீட்புக் கோப்போ இல்லாமல் கடவுச்சொல்லை மாற்றினால் கணக்கு திரும்பக் கிடைக்கும், பழைய அஞ்சல்கள் பூட்டியபடியே கிடக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல்தான் நீங்கள் கேட்ட பாதுகாப்பு.

சரி, சாவி நம்மிடம் வந்துவிட்டது. இனி யாராலும் எதையும் பார்க்க முடியாதா? முடியும்.

முதல் ஓட்டை எதிர்முனை. உங்கள் நண்பர் சாதாரண மின்னஞ்சலிலிருந்து எழுதினால், அது திறந்த கடிதமாகவே உங்கள் சேவையின் சர்வருக்கு வருகிறது. வந்தபின் உங்கள் சாவியால் பூட்டி வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதன் பிரதி நண்பரின் ‘அனுப்பியவை’ பெட்டியிலும் திறந்தே இருக்கிறது. 2020-இல் கொலோன் நீதிமன்றம் ஒரு குறிப்பிட்ட பெட்டியைக் கண்காணிக்க டூட்டாவுக்கு ஆணையிட்டபோது, அதில் சிக்கக்கூடியவை இப்படித் திறந்து வந்த அஞ்சல்கள்தான்.

இரண்டாவது ஓட்டை உறை. பிஜிபியால் பூட்டிய ஓர் அஞ்சலைப் பூட்டிய நிலையிலேயே பிரித்துப் பாருங்கள். ‘பிகின் பிஜிபி மெசேஜ்’ என்ற வரிக்குக் கீழே பத்தி பத்தியாக அர்த்தமற்ற எழுத்துக் குவியல். அதற்கு மேலேயோ அனுப்பியவர், பெறுபவர், தேதி, நொடி சுத்தமாக நேரம், அப்புறம் ‘ராஜினாமா பற்றி’ என்ற தலைப்பு, எல்லாம் பளிச்சென்று தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று ஊகிக்கக் குறியாக்க நிபுணரா தேவை? பிஜிபி முறையிலேயே இயங்கும் புரோட்டானிலும் தலைப்பு வரி, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. டூட்டா தன் சொந்த முறையில் தலைப்பையும் சேர்த்தே பூட்டுகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, பிஜிபி பயன்படுத்தும் மற்றவர்களோடு அது ஒத்துப்போகாது. எனக்கு புரோட்டானின் வழியே பிடிக்கும். பொதுத் தரத்தில் நின்றால் வேறு சேவைக்கு மாறுவது எளிது. தலைப்பில் ரகசியம் எழுதாமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது.

மூன்றாவது, சட்டம். லாவாபிட் என்றொரு அமெரிக்கச் சேவை இருந்தது. அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் அதில் கணக்கு வைத்திருந்தார். சேமித்த அஞ்சல்களை அது பூட்டித்தான் வைத்தது, ஆனால் பூட்டைத் திறக்கும் வேலை சர்வரில் நடந்தது. பயனர் உள்நுழையும்போது கடவுச்சொல் சர்வருக்கு வந்தாக வேண்டும். 2013-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கேட்டது, பயனருக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பைப் பூட்டும் சாவியை. அது கிடைத்தால் எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களையும் வழியிலேயே பிடித்துவிடலாம். உரிமையாளர் லாடார் லெவிசன் அந்தச் சாவியைக் கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில் 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். நீதிமன்றம் ரசிக்கவில்லை. கணினியில் படிக்கும் வடிவில் தரும்வரை நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. கடைசியில் ஆகஸ்ட் மாதம் சேவையையே மூடிவிட்டார்.

புரோட்டானுக்கும் சோதனை வந்தது. 2021-இல் பிரான்ஸ் கேட்டு, சுவிஸ் அதிகாரிகள் ஆணையிட, ஒரு காலநிலைச் செயற்பாட்டாளரின் ஐபி முகவரியை (எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டும் எண்ணை) பதிவுசெய்து கொடுத்தது. கடிதங்களைக் கொடுக்கவில்லை, கொடுக்க அதனிடம் சாவி இல்லை. நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படும். ‘சுவிட்சர்லாந்து’ என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து யாரும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். தன்னிடம் இல்லாததை மட்டும்தான் ஒரு நிறுவனத்தால் தர முடியாது.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது சாவிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, உங்களைப் பற்றி அவர்கள் எதையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள் என்பது. தொலைபேசி எண் இல்லாமல் கணக்குத் தொடங்க முடியுமா, செயலியின் மூல நிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்திருக்கிறதா, வெளி நிபுணர்கள் அதன் பாதுகாப்பைச் சோதித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். உலாவியில் திறந்தால் ஒவ்வொரு முறையும் நிரல் சர்வரிலிருந்தே புதிதாக வருகிறது. அன்றைக்கு என்ன வந்தது என்று யாரும் சரிபார்ப்பதில்லை. மூல நிரல் வெளியான செயலியை நிறுவிப் பயன்படுத்துவது இந்த வகையில் ஒரு படி மேல். படங்களைத் தானாக இறக்குவதையும் நிறுத்திவிடுங்கள். விளம்பர அஞ்சலில் ஒளிந்திருக்கும் ஒற்றைப் புள்ளிப் படம், நீங்கள் அதைத் திறந்த நேரத்தை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும்.

முடிந்தால் சொந்த டொமைன் பெயர் ஒன்று (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, அதில் முகவரியை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இந்தச் சேவை கொள்கையை மாற்றினாலோ கடையை மூடினாலோ, ஊருக்கெல்லாம் புது முகவரி சொல்லிக்கொண்டிருக்காமல் டொமைனை வேறு சேவைக்குத் திருப்பிவிட்டால் போதும்.