ஸ்கீமேட்டிக் மேப்: கடைமடை எந்தப் படத்தில் தெரியும்?

காவிரி டெல்டாவில் ஒரு பாசனப் பிரிவு அலுவலகத்தில் சில வருடங்கள் ஒப்பந்த வேலை பார்த்தேன். அங்கே சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று கலர் கலராக அச்சடித்த வட்ட வரைபடம். ஆறுகள் அதில் நெளிந்து வளைந்து போகும், ஊர்ப்பெயர்கள் எறும்புச் சாரை மாதிரி இருக்கும். இன்னொன்று நீலநிற அம்மோனியா பிரிண்ட். அதில் நெளிவே கிடையாது. ஆறு என்பது மேலிருந்து கீழாக ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டின் இரண்டு பக்கமும் முள் முள்ளாகக் குட்டிக் கோடுகள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் வாய்க்காலின் பெயர், எத்தனையாவது மைலில் பிரிகிறது, ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) எத்தனை ஏக்கர் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

கலர்ப் படத்தின் கண்ணாடி மேல் தூசி படிந்திருந்தது. நீலப் படத்துக்குக் கண்ணாடியே இல்லை. விரல் பட்டுப் பட்டு, மதகு இருக்கிற இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

அந்த நீலப் படத்தை அலுவலகத்தில் ‘லைன் டயகிராம்’ என்பார்கள். துணை மின் நிலையத்துக்குப் போனால் இதே ஜாதிப் படத்துக்கு ‘சிங்கிள் லைன்’ என்று பெயர். கணினியில் நிலப்பட வேலை படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் ‘ஸ்கீமேட்டிக் மேப்’ என்கிறார்கள். இந்தப் பேரில் இரண்டு சொல் இருக்கிறது, இரண்டுக்கும் கதை உண்டு.

மேப் என்பது லத்தீனில் ‘மாப்பா’. சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ளும் துணி அது. உலகத்தைத் துணியில் வரைந்து ‘மாப்பா முந்தி’, அதாவது உலகத் துணி, என்று அழைத்தார்கள். பிறகு துணி போய்ப் படம் மட்டும் நின்றது. நம் ‘படம்’ வந்த வழியும் இதுதான். படம் என்றாலே பழைய அகராதிப் பொருளில் துணி, சித்திரம் எழுதிய துணி. மயிலுக்குப் பேகன் போர்த்திய ‘படாஅம்’ புறநானூற்றில் வருகிறதே, அதே குடும்பம். வடமொழியிலும் ‘பட’ என்றால் துணிதான். யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது, அதற்குள் நான் போகவில்லை. மத்தியதரைக் கடலோரமும் நம் பக்கமும் ஒரே மாதிரி துணியிலிருந்து படத்துக்கு வந்து சேர்ந்திருப்பது போதும்.

ஸ்கீமேட்டிக் என்பதற்கு மூலம் கிரேக்கத்தின் ‘ஸ்கேமா’. உருவம், வடிவம், ஒன்று எப்படி நிற்கிறது என்கிற நிலை. ‘பிடித்து வைத்திருத்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. நம் ஊரில் ‘புது ஸ்கீம் வந்திருக்காம்’ என்று பேசுகிறோமே, அந்த ஸ்கீமும் இதே வயிற்றுப் பிள்ளைதான். அதைவிட ருசியான சங்கதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ஸ்கீம் என்றால் ஜாதகக் கட்டம்! ஒருவர் பிறந்த நேரத்தில் கிரகங்கள் நின்ற நிலையை வரைந்த படத்துக்கு அந்தப் பெயர். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. நம் ராசிக் கட்டம் வானத்தின் மேப் இல்லை. அதை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றால் ஒரு நட்சத்திரத்தையும் கண்டுபிடிக்க முடியாது. எது எந்த வீட்டில், எது எதைப் பார்க்கிறது என்பது மட்டும் பன்னிரண்டு சதுரத்தில் பளிச்சென்று தெரியும். தூரத்தையும் கோணத்தையும் தூக்கி எறிந்துவிட்டு உறவை மட்டும் வைத்துக்கொண்ட படம் அது.

லண்டன் சுரங்க ரயில் படத்தை இதற்கு உதாரணம் காட்டாதவர் இல்லை. ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-ல் வரைந்தார். தண்டவாளங்களை நேர்கோடாகவும் சாய்கோடாகவும் மாற்றி, நிலையங்களைச் சம இடைவெளியில் அடுக்கினார். முதலில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். 1933-ல் அச்சானதும் மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ரயிலுக்குள் இருப்பவனுக்கு மேலே எந்தத் தெரு போகிறது என்பது எதற்கு? எங்கே இறங்கி எங்கே மாறுவது என்று தெரிந்தால் சரி.

நிலத்தை அளந்து மேப் போடக் கண்ணுக்கு எட்டிய தூரம் வேண்டும், உயரம் வேண்டும். டெல்டாவில் ஏது மலை? பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை அளந்துகொண்டு வந்தபோது இங்கே கோயில் கோபுரங்களைத்தான் நம்பினார். 1808-ல் அரை டன் எடையுள்ள ‘தியோடலைட்’ என்ற கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது, அது சுவரில் மோதிச் சேதமானது. லைன் டயகிராமுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. கரையோடு நடந்துபோகிற ஒருவர், எந்த மதகுக்கு அப்புறம் எந்த மதகு என்று சொன்னால் போதும்.

அந்தப் படத்தை நான் மதிக்கக் கற்றுக்கொண்டது ஒரு அசட்டுத்தனத்துக்குப் பிறகுதான்.

ஒரு ஆடி மாதம். மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்து வாரங்கள் ஆகிவிட்டன. ஒரு விவசாயி போனில், “தம்பி, எங்க வாய்க்காலுக்கு இன்னும் தண்ணி எட்டலை” என்றார். கணினியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் வயலிலிருந்து நானூறு மீட்டரில் ஒரு ஆறு. ஆற்றில் ஒரு சட்ரஸ், அதாவது தண்ணீரை நிறுத்தித் திறக்கும் கதவு. விஷயம் முடிந்தது என்று நினைத்து, மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கரிடம் அந்த சட்ரஸைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆனாலும் எதுவும் சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார். “தம்பி, அந்த வயலுக்கும் அந்த ஆத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வடிகால் ஆறு. வயலை விடத் தாழ்வு. இந்த வாய்க்கால் வேற ஆத்துல மேலே பதினொரு கிலோமீட்டர்ல பிரியுது. வடிகாலுக்கு அடியில போற சைபன் குழாய்ல நுழைஞ்சு இந்தப் பக்கம் வருது” என்றார். பிறகு நீலப் படத்தில் விரலை வைத்து, வெளுத்துப்போன ஒரு முள்ளைக் காட்டினார். சைபன் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது அன்று மாலை தெரிந்தது.

லஸ்கர் ஒரு சின்னத் திருத்தத்தோடு முழு விளக்கத்தையும் சொல்லிவிட்டார். ஒட்டு இருந்தது. அதைத்தான் மேப் காட்டியது. இல்லாதது உறவு. அதை ஸ்கீமேட்டிக் காட்டியது.

டெல்டாக்காரர்களின் பேச்சில் இடம் குறிக்கும் சொற்களைக் கவனித்தால், பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை. தலைப்பு (ஆறோ வாய்க்காலோ பிரியும் இடம்), தலைமடை (தண்ணீர் முதலில் எட்டும் இடம்), கடைமடை (கடைசியாக எட்டும் இடம்). கடைமடை என்பது திசையும் இல்லை, தூரமும் இல்லை. ஆற்றங்கரையிலேயே இருக்கிற வயல் கடைமடை ஆகலாம், அதற்கு வரும் தண்ணீர் ஊரைச் சுற்றி வருகிறதென்றால். மேப்பை எத்தனை தடவை பெரிதாக்கினாலும் கடைமடை அதில் தெரியாது. வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று பிரித்திருப்பதும் அப்படித்தான். ஆற்றில் பிரிவது ஏ, ஏ-யில் பிரிவது பி, அதிலிருந்து சி, அதிலிருந்து டி. அகலத்துக்கோ நீளத்துக்கோ வைத்த பெயர் இல்லை, யாருக்கு யார் பிள்ளை என்பதற்கு வைத்த பெயர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தை ‘மூணாறு தலைப்பு’ என்கிறோம். ஊர்ப்பெயர் மாதிரி ஒலித்தாலும் அதுவும் ஒரு உறவுக் குறிப்புதான்.

இன்னும் பின்னால் போனால் தேவாரத் தலங்களின் வரிசை கிடைக்கும். காவிரி வடகரைத் தலங்கள் 63. சிதம்பரத்தில் தொடங்கி, கடல் பக்கத்திலிருந்து மேற்கே மேற்கே ஏறி ஈங்கோய்மலையில் முடியும். அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் குளித்தலைப் பக்கம். தென்கரை வரிசை அங்கேதான் தொடங்கும். பராய்த்துறை, சிராப்பள்ளி என்று கிழக்கே இறங்கி, 127 தலங்களைத் தொட்டுக் கோடிக்கரையில் கடலைப் பார்க்கும். ஆற்றை நடுக்கோடாக வைத்து இரண்டு பக்கமும் முள் எழுதிய வாய்மொழி லைன் டயகிராம் என்று எனக்கு இதைச் சொல்லத் தோன்றும். (பொறியாளர்கள் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று இடது, வலது என்பார்கள். காவிரி கிழக்கே ஓடுவதால் இடது என்பது வடகரை. ஓதுவாரும் ஓவர்சீயரும் ஒத்துப்போகும் இடம்.)

சரி, தமிழில் என்ன பெயர்? ‘வரைபடம்’ என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். மேப்பும் வரைபடம், டயகிராமும் வரைபடம், பரீட்சையில் போடும் கிராப்பும் வரைபடம். அதனால்தான் இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழில் சொல்ல வரும்போது நாக்கு தடுக்குகிறது. மேப்பை ‘நிலப்படம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல், அதை நிலைக்க விடலாம். ஸ்கீமேட்டிக்குக்குத் ‘திட்ட வரைபடம்’ என்று எழுதினால், அரசு ஏதோ கட்டப் போகிறது என்று எண்ணத் தோன்றும். ஸ்கீம் என்றால் திட்டம் என்று நேராகப் பிடித்துக்கொண்டதால் வந்த வினை. ‘கோட்டுப்படம்’ லைன் டயகிராமுக்கு நேர் சொல்தான். ஆனால் பத்திரிகைக் கோட்டோவியத்தோடு குழம்பும். லஸ்கரின் வாயிலிருந்து எடுத்து ‘உறவுப்படம்’ என்று வைக்க எனக்கு ஆசை. கல்யாண ஆல்பம் மாதிரி ஒலிக்கிறதே என்று விட்டுவிட்டேன். ‘தொடர்புப்படம்’ என்பதே என் தேர்வு. எது எதோடு தொடர்பு என்பதைச் சொல்லும் படம். மின்வாரியத்துக்கும் ரயிலுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பொருந்தும்.

இந்தத் தொடர்புப்படத்தை நிலப்படத்தின் மேல் ஏற்றி, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற வேலைதான் இப்போது அலுவலகங்களில் நடக்கிறது. கருத்தளவில் இருக்கிற அமைப்பை இடத்தின் மேல் பொருத்திக் காட்டுவது. இதை ‘நிலத் தொடர்புப்படம்’ என்கிறேன். இதன் சூட்சுமம் ஓவியத்தில் இல்லை, எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு மதகுக்கும் ஒரே எண், இரண்டு படத்திலும் அதே எண். அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராக மூன்று சங்கதி: அட்சரேகை, தீர்க்கரேகை, ‘இதற்குத் தண்ணீர் தருவது எந்த எண்’. முதல் இரண்டை வைத்து க்யூஜிஐஎஸ் மாதிரி மென்பொருள் நிலப்படத்தில் புள்ளி வைக்கும். மூன்றாவதை வைத்து முள்ளும் கிளையுமாகத் தொடர்புப்படம் போட்டுக்கொள்ளலாம். ஒரு மதகைச் சொடுக்கினால் மேலே கல்லணை வரை எந்த வழி, கீழே எத்தனை வயல் என்று இரண்டு பக்கமும் ஒளிரும்படி செய்யலாம். அந்த மூன்றாவது கட்டத்தை எந்தச் செயற்கைக்கோளும் நிரப்பித் தராது. லஸ்கரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுத்தான் நிரப்பினோம். அந்தப் பிரிவுக்கு மட்டும் டீயும் வாய்ச்சண்டையுமாக ஒன்றரை மாதம் ஆனது. சண்டை பெரும்பாலும் சி, டி வாய்க்கால்களில்தான். ஒரே வாய்க்காலுக்கு இக்கரையில் ஒரு பெயர், அக்கரையில் ஒரு பெயர்.

முடித்து, பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டினோம். இடது பாதி நிலப்படம், வலது பாதி தொடர்புப்படம், இரண்டிலும் அதே எண்கள். மேலே ‘நிலத் தொடர்புப்படம்’ என்று கொட்டை எழுத்து. லஸ்கர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். “வாய்க்கால் ஜாதகம்னு சொல்லுங்க” என்றார். அவருக்கு ஸ்கீமின் பழைய பொருள் தெரிந்திருக்க வழியில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, வலது பாதியில் 41-க்கும் 42-க்கும் நடுவே பென்சிலால் புதிதாக ஒரு முள். நாங்கள் விட்டுவிட்ட மதகு. பக்கத்தில் சின்னதாக ‘41அ’ என்று எழுதியிருந்தது.