மறுபடி குடித்துவிட்ட விசுவாசியிடம் என்ன சொல்வது?

போதை மறுவாழ்வு ஆலோசனையில் இருப்பவர்களுக்கு ஜனவரி மாதத்தின் இரண்டாம் பாதி எப்படிப் போகும் என்று தெரியும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வேதத்தின் மேல் கைவைத்து, "இனி தொடமாட்டேன்" என்று பொருத்தனை பண்ணியவர்கள் பொங்கல் விடுமுறையில் ஒரு கிளாஸ் எடுத்திருப்பார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் நிறுத்தாமல் குடித்துவிட்டு, மனைவியோ அண்ணனோ கையைப் பிடித்து அழைத்துவர, எங்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். கல்லீரலைப் பற்றியோ வேலை போனதைப் பற்றியோ முதலில் பேசமாட்டார்கள். "கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டார் சார்" என்பார்கள்.

எனக்கு அந்த ஒரு கிளாஸைவிட அந்த ஒரு வாரம்தான் கவலை. கல்யாண வீட்டில் மைத்துனன் வற்புறுத்தினான், குடித்தேன் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனசுக்குள் என்ன ஓடியது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "போச்சு சார். சத்தியத்தை மீறியாச்சு. இனி பாதியில நிறுத்தி என்ன ஆகப்போகுது?" மறுநாள் காலை டாஸ்மாக் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பதற்குக் காரணம் இந்த நினைப்புத்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கார்டனோடு சேர்ந்து 1985-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய நிலைக்கே முழுசாகத் திரும்புவது வேறு. இரண்டுக்கும் நடுவில், சறுக்கியவர் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்கிறார் என்பது பெரிய பங்கு வகிக்கிறது. "அந்த இடத்துக்கு நான் போயிருக்கக் கூடாது" என்று நினைப்பவர் நிறுத்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். "நான் இவ்வளவுதான், உருப்படமாட்டேன்" என்று நினைப்பவருக்கு அந்த வெட்கத்தைத் தணிக்கவே இன்னொரு கிளாஸ் தேவைப்படுகிறது. விசுவாசிகளுக்கு இதன்மேல் இன்னொரு பாரமும் உண்டு: தேவனும் தன்னைப்பற்றி அப்படித்தான் நினைக்கிறார் என்று உறுதியாக நம்பிவிடுகிறார்கள்.

அதனால் கிருபை என்பது என் தொழிலில் வெறும் பிரசங்கத் தலைப்பு இல்லை. முதல் கிளாஸுக்கும் இரண்டாவது கிளாஸுக்கும் நடுவில் அது வேலை செய்தாக வேண்டும். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7-இல் பவுல் எழுதுகிறார். அது விசுவாசி ஆவதற்கு முந்தைய நிலையா, பிந்தைய நிலையா என்று வேதபண்டிதர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அகஸ்தீனும் லூத்தரும் விசுவாசியின் போராட்டமாகவே அதை வாசித்தார்கள். நான் பார்க்கும் ஆட்களை வைத்துச் சொன்னால், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று வருகிறதே, அதை வாசிக்காமல் ஏழாம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

"இப்படிப் பேசினால் குடிக்க லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று போதகர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ரோமர் 6-இல் பவுலே அதைக் கேட்டு, "கூடாதே" என்று பதிலும் சொல்லிவிட்டார். என் அனுபவத்தில், மன்னிப்பு உண்டு என்று நம்புகிறவர் சறுக்கிய மறுநாளே போன் பண்ணுகிறார். தண்டனைக்குப் பயந்தவர் ஒளிந்துகொண்டு குடிக்கிறார். கடைசியில் ஆம்புலன்ஸில் வருகிறார். அப்புறம், மன்னிப்பு வேறு, விளைவு வேறு. மன்னித்துவிட்டேன் என்பதற்காக மனைவி ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அடிக்கிறவர் வீட்டில் அடிவாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதும் இல்லை. "பொறுத்துப் போம்மா" என்று அறிவுரை சொல்லும் மூப்பர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில்தான் விழுந்தார்கள். யூதாஸ் தான் செய்தது பாவம் என்று வாய்திறந்து அறிக்கை பண்ணியதை நாம் மறந்துவிடுகிறோம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று ஆசாரியர்கள் சொன்னார்கள். பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்றபோது, "நாங்களும் உம்முடனேகூட வருகிறோம்" என்று சொல்ல ஆறு பேர் இருந்தார்கள். சறுக்கியவர் ஆலயத்துக்கு வந்தால் இந்த இரண்டில் எது கிடைக்கும் என்று ஒவ்வொரு சபையும் யோசித்துப் பார்க்கலாம். குடியை விட்டு ஒரு மாதம்கூட ஆகாதவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பதை நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். "ஒரே நாளில் விடுதலை" என்று மைக்கில் சொன்னவர் மறுபடி சறுக்கினால், அதே கூட்டத்தின் முகத்தில் எப்படி விழிப்பார்? பெரும்பாலும் சபை மாறிவிடுவார், அல்லது ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிடுவார்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தவைத்து, மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரவைக்காதீர்கள். குடி நின்ற சில மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளுக்கு மேல் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பிசாசு என்று நினைத்து இரவெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தால் உயிரே போகலாம். ஏற்கெனவே வைட்டமின் பி1 குறைந்த உடம்பைப் பட்டினி போடுவது மூளையையும் பாதிக்கும். ஜெபியுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். எங்கே அழைத்துப் போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

கடைசியாக, வெட்கப்பட்டு யாரும் கேட்காத ஒரு சந்தேகம். டைசல்ஃபிராம், அதாவது குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்து குடியைத் தவிர்க்க உதவும் மாத்திரை, சாப்பிடுகிறவர்கள் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா? சில சபைகளில் புளிக்காத திராட்சரசம்தான்; அதில் பிரச்சினை இல்லை. ஒயின் கொடுக்கும் இடத்தில் ஒரு வாய் பட்டாலும் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று வரலாம். போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்பத்தை மட்டும் வாங்கலாம், அல்லது புளிக்காத ரசம் தனியாக வைக்கச் சொல்லலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் மாத்திரையை விட்டுவிட்டுப் போவதில் பயன் இல்லை.