ரேஷன் கடையில் உங்களுக்கு என்னென்ன உரிமை? பருப்பு, பாமாயிலை விட்டுவிடாதீர்கள்

விலைவாசி போகிற போக்கில் மாதக் கடைசி வாரத்தை ஓட்டுவதற்குள் பல வீடுகளில் மூச்சு முட்டுகிறது. ஆனால் கையில் குடும்ப அட்டை இருந்தும் ரேஷனில் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஸ்மார்ட் கார்டில் என்ன குறியீடு இருக்கிறது என்று பாருங்கள். பிஎச்எச், என்பிஎச்எச் இரண்டுமே அரிசி அட்டைதான். பிஎச்எச்-ஏஏஒய் என்று இருந்தால் அது அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. எஸ் என்று முடிந்தால் சர்க்கரை அட்டை, அதில் அரிசி கிடையாது. என்சி என்று முடிந்தால் எந்தப் பொருளும் கிடையாது. கணவரை இழந்து தனியாகக் குடும்பத்தை ஓட்டுகிறவர்கள், மாற்றுத்திறனாளிகள், நிலையான வருமானம் இல்லாத 60 வயது தாண்டியவர்கள், நிலமில்லாத விவசாயக் கூலிகள் போன்றவர்களுக்காகத்தான் அந்தியோதயாவே வந்தது. உங்கள் நிலைமை அப்படி இருந்தும் அட்டையில் அது இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், அது எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் செலவில் கையிலிருந்து பணம் போகிற இடமோ பருப்பும் எண்ணெயும்தான். சிறப்பு பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். ஆக மொத்தம் 55 ரூபாய். இதே இரண்டையும் மளிகைக் கடையில் வாங்கினால் 200 ரூபாயைத் தாண்டிவிடும், தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் சின்னத் தொகையே இல்லை. சர்க்கரை அட்டைக்காரர்களுக்கும் இந்தப் பருப்பும் எண்ணெயும் உண்டு.

சரி, கடைக்குப் போனால் "பருப்பு ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் போனால் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவைதான் நடப்பது? இப்படித் தட்டுப்பாடு வந்த 2024 மே மாதம், வாங்க முடியாதவர்கள் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. எல்லா மாதமும் அப்படி அறிவிப்பு வராது, அதனால் மாத ஆரம்பத்திலேயே போய்விடுவது நல்லது.

பில் போட்டதும் பதிவு செய்த செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும், அதைக் கட்டாயம் படியுங்கள். நீங்கள் வாங்காத பொருள் அதில் இருந்தால் உங்கள் பங்கு வேறு எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். நம்பர் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். அப்புறம், உப்பு, டீத்தூள், சோப்பு வாங்கினால்தான் சர்க்கரை போடுவேன் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

விரல் ரேகை விழவில்லை என்பது வயதானவர்களுக்கும், செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் கை தேய்ந்தவர்களுக்கும் தீராத பிரச்சினை. கருவிழிப் பதிவு வசதி உள்ள கடையில் அதைக் கேளுங்கள். நடக்கவே முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி யாராவது இருந்தால், அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் விசாரித்துச் சொல்லுங்கள்.

புகார் சொல்ல 1967 அல்லது 1800 425 5901, இரண்டும் கட்டணமில்லா எண்கள். பெயர் சேர்த்தல், முகவரி மாற்றம் போன்றவற்றுக்கு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் குறைதீர் முகாம் நடக்கும், அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போங்கள்.