ஸ்க்ராட்ச் பில்டிங்: கீறலா, ஏராவா, கையாக்கமா?

மாதிரிப் படகு செய்கிற இருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது, 'கிட்டா, ஸ்க்ராட்சா?' என்பதுதான். கிட் பெட்டியில் வருவது. பாகங்களை வெட்டி, எண் போட்டு, ஒட்ட வேண்டிய வரிசையையும் தாளில் அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். ஸ்க்ராட்ச் என்றால் அதெல்லாம் கிடையாது. மரச்சிம்பு, கம்பி, நூல், தகடு என்று கிடைப்பதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் நாமே செய்துகொள்ள வேண்டும். முழுப் படகையும் அப்படிச் செய்யலாம். அல்லது பெட்டியில் வந்த படகில் கப்பி, நங்கூரம், விளக்கு போன்ற நுண்ணிய சாமான்களை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, அவற்றைக் கையால் செய்து வைக்கலாம். இரண்டுக்குமே இந்த ஒரு சொல்தான்.

ஸ்க்ராட்ச் பில்டிங் என்கிற இந்த வேலைக்குத் தமிழில் என்ன என்று ஒரு நாள் கைபேசியின் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். 'கீறல் கட்டிடம்' என்று வந்தது. ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் உப்புக்காற்று பட்டு விரிசல் விட்ட கட்டடங்களுக்குக் குறைவில்லை. அதைத்தான் சொல்கிறது போல என்று சிரித்துவிட்டு மூடிவைத்தேன். அப்புறம் சொல்லின் பிறப்பைத் தேடிப் போனபோது, அந்தக் கைபேசி நான் நினைத்த அளவுக்கு முட்டாள் இல்லை என்று தெரிந்தது.

ஸ்க்ராட்ச் என்றால் கீறுவது, பிறாண்டுவது. ஆங்கிலேயர்களின் விளையாட்டுத் திடல்களில், தரையில் கீறிய கோட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பழைய குத்துச்சண்டையில் களத்தின் நடுவே அப்படி ஒரு கோடு உண்டு. 1838இல் வந்த விதிகளின்படி, அடி வாங்கி விழுந்தவனுக்கு 30 விநாடி ஓய்வு. அதற்கு மேல் 8 விநாடிக்குள் யாரும் தாங்காமல் அவனே நடந்து அந்தக் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஆட்டம் முடிந்தது. 'கோட்டுக்கு வருவது' என்றால் தேறுவது என்ற பொருள் ஆங்கிலத்தில் இன்றும் இருக்கிறது.

நம்முடைய சொல் ஓட்டப்பந்தயக் கோட்டிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சலுகைப் பந்தயங்கள் நடக்கும். வேகம் குறைந்தவர்களை அவரவர் திறமைக்கு ஏற்றபடி கோட்டுக்குச் சில கெஜம் முன்னால் நிறுத்திவிடுவார்கள். நல்ல ஓட்டக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் கீறிய கோட்டிலிருந்தே ஓட வேண்டும். 'ஸ்க்ராட்சிலிருந்து தொடங்குவது' என்பது அவன் நிலைமைதான். சலுகை இல்லாமல் என்ற பொருள் நாளடைவில் கையில் ஒன்றுமே இல்லாமல் என்று விரிந்து சமையலுக்கும் தொழிலுக்கும் மாதிரிப் படகுக்கும் வந்து சேர்ந்தது. கோல்ஃபில் இன்னும் பழைய பொருளே இருக்கிறது. சலுகை எண் பூஜ்யமாக உள்ளவர் அங்கே ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர்.

அந்தக் கணக்கில் பார்த்தால், பெட்டி வாங்குகிறவரைச் சில கெஜம் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் இளக்காரம் ஒன்றும் இல்லை. நானும் பெட்டியில்தான் தொடங்கினேன்.

(பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஸ்க்ராட்ச் வேறு. அது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட நிரல்மொழி. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புகிற டி.ஜே. வித்தையிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

சரி, தமிழில் கீறு என்றால் என்ன? இந்தப் பக்கம் நகம் கீறும், முள் கீறும், மீனின் வயிற்றைக் கீறுவோம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கோடு கீறுவார்கள், படமும் கீறுவார்கள். நாம் வரைவதை அவர்கள் கீறுகிறார்கள். நம் கூரையில் கிடக்கும் தென்னங்கீற்றும் இந்தச் சொல்லின் பிள்ளைதான். கீறிப் பிளந்தது கீற்று. ஆகவே கீறல் என்றால் கோடு என்று சொல்லிக்கொள்ளத் தமிழிலும் இடமிருக்கிறது. கைபேசி வேர்ச்சொல்லைச் சரியாகத்தான் பிடித்தது. ஆனாலும் அந்தப் பெயர் உதவாது. நம் ஊரில் யாரும் எதையும் கீறலிலிருந்து தொடங்குவதில்லையே. பிள்ளைகள் மணலில் குதிகாலால் கோடு இழுத்துத்தான் ஓடுகிறார்கள். அந்தக் கோட்டிலிருந்து பழமொழி எதுவும் நமக்குப் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கரையில் ஒரு வேலையின் தொடக்கத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைக் கீழக்கரையில் வைத்து எனக்குக் காட்டிக்கொடுத்தவர் வயதான ஓடாவி ஒருவர். ஓடாவி என்றால் படகு கட்டும் தச்சர். நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன், அந்தப் பக்கத்தில் அண்ணன் என்று பொருள். ஃபைபர் படகு வந்த பிறகு அவருக்குப் புது வேலை குறைவு. பழுது பார்ப்பதுதான் அதிகம். நான் செய்திருந்த வத்தையை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். வத்தை என்பது பாக் நீரிணைப் பக்கத்துப் பாய்ப்படகு. இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கும். காற்றில் படகு சாயும்போது ஆள் அதில் ஏறி உட்கார்ந்து நிமிர்த்துவார். ஓடாவி என் வத்தையைக் கையில் வாங்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"ஏரா வச்சுக் கட்டுனதா, கட்டையைக் கொடஞ்சதா?"

"ஏரா வச்சதுதான் காக்கா."

"யாரு கட்டுனா?"

"நான்தான்."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, திருப்பி நிமிர்த்தி, பாய்மரத்தின் உச்சியில் இருந்த கப்பியை விரலால் தட்டினார். "இதுல கண்ணு எங்க? வரைஞ்சு வச்சிருக்கியே. வரைஞ்ச கண்ணுல கயிறு ஓடாது தம்பி."

ஏரா என்பது படகின் அடிமரம். அதைக் கிடத்திய பிறகே முன்னும் பின்னும் கட்டை எழும்பும், வங்கு என்கிற விலாச்சட்டங்கள் நிற்கும், பலகை ஏறும். புதுப்படகு வேலை தொடங்கிவிட்டது என்பதற்கே ஏரா வைத்தாகிவிட்டது என்பார்கள். அவர் கேள்வியில் இருந்த இரண்டு வினைகளைப் பாருங்கள்: குடைவது, கட்டுவது. கட்டுமரத்தில் இருப்பதும் இந்தக் கட்டுதான்; அந்தச் சொல்லை ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்க்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனது. அப்துல் கலாமின் தந்தை ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போக மரப்படகு கட்டினார். அது உருவாவதைச் சிறுவனாக நின்று பார்த்ததைக் கலாமே சொல்லியிருக்கிறார். அதை யாரும் ஸ்க்ராட்சிலிருந்து கட்டியது என்று சொல்லத் தேவையே வரவில்லை. கட்டியது என்றாலே அப்படித்தான். பெட்டியில் படகு வரத் தொடங்கிய பிறகு வந்த சிக்கல் இது.

இனி அந்தக் கப்பி. நான் செய்வது 24இல் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் 10 செ.மீ. உள்ள கப்பி எனக்கு 4 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும், ஒரு துவரம்பருப்பு அளவு. முதலில் நான் என்ன செய்தேன் என்றால், துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் துளை போட்டேன். பத்தில் ஏழு பிளந்தது. சாமணத்தில் இறுக்கிப் பிடித்தால் கொசு மாதிரிப் பறந்து போனது ஒன்று, இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் மீதியில் துளை போடாமல் பேனாவால் புள்ளி வைத்து ஏமாற்றினேன். ஓடாவி கண்ணில் அதுதான் பட்டது.

வழி நேர் எதிரானது. வெட்டுவது கடைசி வேலை. எங்கள் மாவட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பொருளான சீமைக்கருவேலின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் ஒரு விரல் நீளச் சிம்பை எடுத்து, 4 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்துக்கு இழைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிம்பு முழுதாக இருக்கும்போதே அளவு குறித்து, கைத்துளைப்பானால் வரிசையாகத் துளை போட வேண்டும். துளையிலிருந்து விளிம்பு வரை ஊசி அரத்தால் ஒரு பள்ளம் இழுத்தால் உள்ளே உருளை இருப்பது போலத் தெரியும். பக்கவாட்டில் கயிறு சுற்றி உட்கார இன்னொரு பள்ளம். முனைகளை உப்புத்தாளால் உருட்டிவிட்டு, அப்புறம்தான் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். இப்படிச் செய்தால் பத்துக்கு ஒன்பது தேறுகிறது. பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கு மூன்று தையல் நூலை முறுக்கி அரை மி.மீ. வரும்படி திரித்தேன், நிஜத்தில் அது 12 மி.மீ. கயிறு. தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துத் தொங்கவிட்டுக் காயவைத்தால்தான் கயிறு கயிறாகத் தொங்கும். இல்லாவிட்டால் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

மூங்கில் கழிக்கு ஈர்க்குச்சியின் அடிப்பக்கம். நங்கூரத்துக்கு மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழை நான்கு, வளைத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தது.

24இல் ஒரு பங்கு என்று சொன்னேன் அல்லவா, அதைக் காகிதத்தில் எழுதும்போது ஒன்று பிடிபட்டது. நம் பழைய வாய்பாட்டில் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். ஆக 24 விரல் ஒரு முழம். அப்படியானால் இந்த அளவுக்கு 'முழத்துக்கு விரல்' என்று பெயர் வைத்துவிடலாம். 30 அடி வத்தை 20 முழம். மாதிரி 20 விரல், அதாவது 15 அங்குலம். என் மேசையில் இருப்பதும் சரியாக அவ்வளவுதான். மாடல் என்ற சொல்லே லத்தீனில் சிறிய அளவு என்ற பொருளில் பிறந்தது என்பார்கள். விரல் அதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி பெயர். கடலோரத் தமிழ் வெளிச் சொல்லுக்குப் பயந்த மொழி இல்லை. சுக்கான் அரபியிலிருந்து வந்தது, நங்கூரம் பாரசீகத்திலிருந்து, மேஸ்திரி போர்த்துக்கீசியத்திலிருந்து. ஸ்க்ராட்ச் பில்டையும் அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தச் சொற்கள் எல்லாம் சாமானோடும் வேலையோடும் கரையேறியவை. இதுவோ நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வெளியிலிருந்து வந்த பட்டம்.

முழுப் படகுக்கு எனக்குச் சந்தேகமே இல்லை: ஏரா வைத்துக் கட்டியது. நுண்பாகங்களுக்கு அது ஒத்துவராது. கப்பிக்கு ஏது ஏரா? புத்தாக்கம் என்பதை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முதலாக்கம் என்றால் யாரோ பணம் போட்ட மாதிரி இருக்கிறது. கைவினை நல்ல சொல், ஆனால் ராமேசுவரத்தில் சிப்பி மாலை விற்கிற கடைகள் எல்லாம் அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. எதையும் பிரித்துக் காட்டாது. எனக்குப் பிடித்தது கையாக்கம். சோறு ஆக்குகிறோம், குழம்பு ஆக்குகிறோம்; அரிசியாகவும் புளியாகவும் கிடந்ததைச் சாப்பாடாக மாற்றுகிற வேலைக்கு நம் வீட்டில் சொல்கிற வினை அது. ஆங்கிலக்காரரும் ஸ்க்ராட்சை அடுப்படிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதால் பொருத்தம் கூடுகிறது. பெட்டியில் வந்ததை ஆக்குவதில்லை, கோப்போம்.

இதில் எது வரை கையாக்கம் என்ற சண்டை ஓயாது. நூலை நீ நூற்றாயா, கம்பியை நீ இழுத்தாயா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வைத்திருக்கும் சோதனை சொல்லைப் பற்றியதுதான். கடையிலிருந்து வரும்போதே அந்தப் பொருளுக்குப் படகில் ஒரு பெயர் இருக்கிறதா? கப்பி, நங்கூரம், சுக்கான் என்று பெயரோடு வந்தால் அது வாங்கிய பாகம். நூலாகவும் தகடாகவும் வந்து, என் மேசையில் ஆஞ்சானாகவும் விளக்காகவும் பெயர் மாறினால் கையாக்கம். முப்பரிமாண அச்சில் எடுத்தது? வடிவத்தைத் தானே கணினியில் வரைந்திருந்தால் ஒப்புக்கொள்கிறேன், அரை மனதோடு. வேறு யாரோ வரைந்ததை இறக்கி அச்சடித்தால் அது பெட்டிதான், பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

வத்தைக்குக் கீழே இப்போது ஒரு சின்ன அட்டை எழுதி வைத்திருக்கிறேன்: 'தொண்டி வத்தை. முழத்துக்கு விரல். ஏரா வைத்துக் கட்டியது. கப்பி, கயிறு, நங்கூரம் கையாக்கம். குடத்தைக் கடையில் வாங்கினேன்.' அடுத்த முறை கீழக்கரைக்குப் போகும்போது குடத்தையும் செய்துவிட வேண்டும். அவர் அதைத்தான் முதலில் தட்டுவார்.