இடக்கை எது என்று கருவுக்கு யார் சொன்னது?

கன்னியாகுமரி முனையில் தெற்குக் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் இடக்கைப் பக்கம் உதித்து வலக்கைப் பக்கம் மறைகிறது. பாலூட்டிகளின் கருவுக்கோ தொடக்கத்தில் எந்தத் திசையும் கிடையாது. தவளை முட்டைக்கு விந்தணு நுழைந்த இடமே ஒரு குறிப்பாகிறது; நம் வீட்டுக் கோழியின் முட்டையோ தாயின் வயிற்றுக்குள் உருளும்போதே, புவியீர்ப்பின் துணையால், தலைமாடு கால்மாடு முடிவாகிவிடுகிறது. சுண்டெலியில் அப்படி எதுவும் எழுதி வைக்கப்படவில்லை: இரு செல் கருவில் ஒன்றை அழித்தாலும் மற்றதிலிருந்து முழு எலி பிறக்கும் என்று போலந்து நாட்டின் தார்கோவ்ஸ்கி 1959-இல் காட்டினார்.

முதுகும் வயிறும் பிரிவது எளிது; தட்டுப்போல் விரிந்திருக்கும் இளங்கருவான கருத்தட்டின் எந்த முகம் பனிக்குட அறையைப் பார்க்கிறதோ அது முதுகு. தலைப்பக்கம் தெரிய எலிக்கரு ஐந்தரை நாள் காத்திருக்கிறது. அப்போது அது விரலுறை போன்ற சிறு குழல். அதன் அடிநுனியில் வெளிப்படலத்தைச் சேர்ந்த சில செல்கள் ஒரே பக்கமாக மேலேறி, ‘செர்1’, ‘லெஃப்டி1’ என்னும் புரதங்களைச் சுரந்து, ‘நோடல்’ என்ற சமிக்ஞையை அங்கே அடக்குகின்றன. அவை சென்றடைந்த பக்கம் தலைப்பக்கமாகிறது. தடையற்ற எதிர்ப்பக்கத்தில், சுமார் ஆறரை நாளில், வால்பக்கத்தைக் குறிக்கும் கீற்று தோன்றுகிறது. மனிதக் கருவில் இக்கீற்று தோன்ற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

இனி இடவலம். முனையில் நிற்கும் நமக்கு இடக்கை எது என்று சிறுவயதிலேயே யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். கருவுக்குச் சொல்வார் இல்லை. கீற்றின் முன்முனையில் உள்ள சிறு குழியில், செல்லுக்கு ஒன்றாக முளைத்த, மயிர் போன்ற நுண்ணிய குறுஇழைகள் (சிலியா), எல்லாம் கடிகாரத் திசையிலேயே சுழல்கின்றன. வெறும் சுழற்சி நீரைக் கலக்குமே தவிர ஒரு பக்கம் தள்ளாது. ஆனால் இவை வால்பக்கம் சாய்ந்திருக்கின்றன. குளச்சல் வள்ளக்காரர் துடுப்பை நீருக்குள் வலித்து, திரும்பும்போது தூக்கிவிடுவதை நினைத்துக்கொள்ளலாம்: நிமிர்ந்து வரும் வீச்சு நீரை இடப்பக்கம் தள்ளுகிறது, தரையை உரசித் திரும்பும் வீச்சு, அங்கே நீர் ஒட்டிக்கிடப்பதால், வலுவிழக்கிறது. இந்த ஓட்டத்தால் இடப்பக்கத்தில் மட்டும் நோடல் எழுந்து, இதயம் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பது முடிவாகிறது.

இழைகள் அசையாவிட்டால் பூவா தலையாதான். சளியும் சைனஸ் தொல்லையும் ஓயாத சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருப்பதற்குக் குறுஇழைகளின் கோளாறே காரணம் என்று 1976-இல் சுவீடனின் அஃப்சேலியஸ் கண்டறிந்தார். அசைவற்ற இழைகளோடு பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடவலம் மாறியிருக்கின்றன. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், குறையேதும் இல்லாத எலிக்கருக்களின் மேல், வெளியிலிருந்து நீரை வலப்பக்கமாக வேகமாக ஓடவிட்டார்கள். அக்கருக்களின் இடவலம் தலைகீழானது.